கிணத்துல கல்லு போட்டு எண்ணிப் பாருங்க

ரெண்டு மாசமா எதுவும் எழுத முடியல. மக்காச்சோளம் கதிர் பிடிக்கிற நேரத்துல காட்டுப்பன்றிக்குக் காவல் கிடந்தே மார்கழி ஓடிப்போச்சு. கயித்துக்கட்டிலும் டார்ச் லைட்டும் தகர டப்பாவும்தான் துணை. பன்றி வந்தா டப்பாவைத் தட்டணும். வராத நேரத்துக்கு வானத்தைப் பாக்கணும். வேற வேலை கிடையாது.

அப்படிப் பாத்துக்கிட்டு இருந்த ஒரு நாள் விடியக்காலம், வடமேற்கே இருந்து வரிசையா வெளிச்சம் வந்துச்சு. ஒண்ணு ரெண்டு இல்ல, முப்பது நாப்பது இருக்கும். கோத்து விட்ட பாசிமணி மாதிரி ஒரே கோட்டுல, சத்தமே இல்லாம போச்சு. பக்கத்துக் காட்டுல காவல் இருந்த ஆளு கத்துனாரு: "வே, பாத்தீரா! என்னதுவே அது?"

காலையில டீக்கடையில இதே பேச்சுதான். ஒருத்தர் ஏவுகணைன்னாரு. ஒருத்தர் சித்தர்கள் போறாங்கன்னாரு. இன்னொருத்தர் போன்ல வந்த செய்தியக் காட்டி, உலகம் அழியப் போறதுக்கு அடையாளம்னு வாசிச்சாரு. பெறவு எல்லாரும் என் பக்கம் திரும்பினாங்க. எங்க ஊர்ல அப்படி ஒரு வழக்கம் வந்துருச்சு. உரம், மருந்து, பட்டா விஷயம்னா வேற ஆள்கிட்ட கேப்பாங்க. வானம், கரண்டு, காந்தம்னா என்கிட்ட.

இதுல வேடிக்கை என்னன்னா, நான் பிளஸ் டூவுல பெயிலானதே பிசிக்ஸ்லதான். இருநூத்துக்கு 58 மார்க். அதோட படிப்பை விட்டுட்டு ரெண்டரை ஏக்கருக்கு வந்தவன். அப்புறம் படிச்சதெல்லாம் சலூன் பெஞ்சுல. ஜூனியர் விகடன்ல எழுத்தாளர் சுஜாதா 'ஏன்? எதற்கு? எப்படி?'னு கேள்விக்குப் பதில் எழுதுவாரு. முடி வெட்டுற வேலை இல்லேன்னாலும் அதுக்காகவே போய் உக்காருவேன். பெறவு நூலகத்துல பெ.நா. அப்புசாமி எழுதின புஸ்தகங்கள். அவரு நம்ம திருநெல்வேலிச் சீமை, பெருங்குளத்துக்காரரு. வக்கீலுக்குப் படிச்சவரு, அறிவியலைத் தமிழ்ல சொல்றதையே ஆயுசு முழுக்கச் செஞ்சிருக்காரு. என் படிப்பு அவ்வளவுதான்.

சரி, அந்த வெளிச்சத்துக்கு வாரேன். அது ஸ்டார்லிங்க். எலான் மஸ்க் கம்பெனி இன்டர்நெட்டுக்காக விடுற செயற்கைக்கோள்கள். ஒரே ராக்கெட்ல நிறைய அடுக்கி அனுப்புவாங்க. விட்ட கொஞ்ச நாளைக்கு ஒண்ணு பின்னால ஒண்ணா வரிசையா தெரியும். பெறவு பிரிஞ்சு, இன்னும் உயரத்துக்குப் போயிரும்.

"அவ்வளவு உயரத்துல இருந்து லைட்டு தெரியுமாவே?" டீ ஆத்துறவரு கேட்டாரு.

லைட்டே கிடையாது. சாயங்காலம் தேரடியில நின்னு நம்ம சங்கரநாராயணர் கோயில் கோபுரத்தைப் பாருங்க. கீழ ரத வீதி இருட்டிரும். கோபுர உச்சிக் கலசத்துல மட்டும் வெயில் நிக்கும். 125 அடி உயரத்துக்கே அப்படின்னா, நானூறு ஐநூறு கிலோமீட்டர் மேல எவ்வளவு நேரம் வெயில் நிக்கும்? நமக்கு விடியறதுக்கு முன்னாலயே அதுக்கு விடிஞ்சிரும். அந்த வெயில்தான் அதுமேல பட்டு மினுங்குது. அதனாலதான் நடுச்சாமத்துல பெரும்பாலும் தெரியாது, அந்தியிலயும் விடியலுலயும்தான் தெரியும்.

அடுத்த கேள்வி எப்பவும் வர்றது. "அது ஏன் கீழ விழல?"

இதுக்கு நான் சொல்ற பதில் கேட்டா முதல்ல சிரிப்பாங்க. விழுந்துக்கிட்டுத்தான் இருக்கு!

உங்க கிணத்துல ஒரு கல்லைப் போடுங்க. கைய விட்டதும் எண்ண ஆரம்பிங்க. ஒரு செகண்டுல 16 அடி விழும். ஒன்றரை செகண்டுல 36 அடி. ரெண்டு செகண்டுல 64 அடி. கணக்கு சுலபம்: செகண்டை செகண்டாலயே பெருக்கி, அதை 16-ஆல பெருக்கணும். தண்ணி எத்தன அடியில கிடக்குன்னு கயிறு விடாமலே சொல்லிரலாம். போன்ல ஸ்டாப் வாட்ச் இருக்கு, செஞ்சு பாருங்க. பெரிய கல்லா சின்னக் கல்லாங்கறது பெருசா விஷயமே இல்ல.

இப்போ அதே கல்லை நேரா கீழ போடாம, கிளி விரட்டுற கவண்ல வச்சு வீசுங்க. கொஞ்ச தூரம் போய் விழும். இன்னும் வேகமா வீசினா இன்னும் தள்ளி விழும். எவ்வளவு வேகமா போனாலும் ஒரு செகண்டுக்குள்ள அதே 16 அடி, அதாவது சுமார் 5 மீட்டர் விழத்தான் செய்யும். ஆனா பூமி உருண்டை. 8 கிலோமீட்டர் போனா பூமியே சுமார் 5 மீட்டர் கீழ வளைஞ்சிரும். அப்போ செகண்டுக்கு 8 கிலோமீட்டர் வேகத்துல வீசினா? கல்லு 5 மீட்டர் விழும், தரையும் 5 மீட்டர் விலகும். விழுந்துக்கிட்டே இருக்கும், தரையைத் தொடாது. அதுதான் செயற்கைக்கோள். இதை நியூட்டன் முன்னூறு வருஷத்துக்கு முன்னாலயே யோசிச்சு வச்சாரு. தரையை ஒட்டி அந்த வேகத்துல போனா காத்து தடுத்து எரிஞ்சிரும். அதனாலதான் காத்து இல்லாத உயரத்துக்குக் கொண்டுபோறது.

சர்வதேச விண்வெளி நிலையம் சுமார் 400 கிலோமீட்டர் உயரத்துல சுத்துது. சென்னை நமக்கு அறுநூறு கிலோமீட்டர். அப்போ சென்னையில கட்டிக்கொடுத்த மகளை விட விண்வெளி வீரர்தான் நமக்குப் பக்கத்துல இருக்காரு. என்ன, அவரு ஒன்றரை மணி நேரத்துல உலகத்தையே ஒரு சுத்து சுத்தி வந்துருவாரு. மக வர்றதுக்குப் பொதிகை எக்ஸ்பிரஸ்ல ஒரு ராத்திரி ஆகும்.

இப்படித்தான் போகும் எங்க டீக்கடைப் பேச்சு. குலசேகரப்பட்டினத்துல ஏன் ராக்கெட் தளம் கட்டுறாங்கன்னு கேட்டாங்க. 2024 பிப்ரவரி 28-ல அதுக்கு அடிக்கல் நாட்டினாங்க. ஸ்ரீஹரிகோட்டாவுல இருந்து தெக்க பாத்து ராக்கெட் விட்டா, வழியில இலங்கை இருக்கு. அதுமேல போகக் கூடாதுன்னு வளைச்சு ஓட்டணும். வளைச்சா எரிபொருள் வீண். சின்ன ராக்கெட்டுக்கு அது பெரிய நட்டம். குலசையில இருந்து தெக்க பாத்தா வெறும் கடல்தான். தசராவுக்கு வேஷம் கட்டிப் போற ஊருக்கு இப்படி ஒரு யோகம்.

என் தம்பி மக பிளஸ் டூ படிக்கா. அவ கேக்குற கேள்வி டீக்கடைக் கேள்வி மாதிரி இருக்காது, பிடிச்சா விட மாட்டா. போன வருஷம் மார்ச் மாசம் கோயிலுக்குப் போயிட்டு வந்து கேட்டா.

"பெரியப்பா, சாமி மேல வெயில் விழுதுன்னு கூட்டமா நிக்காங்க. மார்ச் 21-ஐ ஒட்டி மூணு நாள், செப்டம்பர் 21-ஐ ஒட்டி மூணு நாள்தான் விழுமாம். மத்த நாள் ஏன் விழாது?"

நம்ம கோயில்ல இது பல காலமா நடக்கறது. சூரியன் கிழக்கே உதிக்கும்னு படிக்கோம். உண்மையில வருஷத்துல ரெண்டு சமயம்தான் சரியான கிழக்குல உதிக்கும். அந்த மார்ச், செப்டம்பர் நாட்கள்தான் அது. மத்த நாள்ல வடக்க நகந்துக்கிட்டோ தெக்க நகந்துக்கிட்டோ இருக்கும். பூமி இருபத்தி மூன்றரை டிகிரி சாஞ்சுக்கிட்டே சூரியனைச் சுத்துறதுதான் காரணம். நேர் கிழக்கப் பாத்து வாசல் வச்சு, ஒண்ணுக்குள்ள ஒண்ணா எல்லா வாசலையும் ஒரே கோட்டுல நிறுத்தினா, அந்த நாள்கள்ல மட்டும் வெயில் கருவறை வரைக்கும் போகும்.

"அப்போ அது சாமி செயல் இல்லையா?"

எனக்கு அப்படிப் பிரிக்கத் தெரியல. உக்கிரபாண்டியர் காலத்துக் கோயில்னு சொல்லுவாங்க. அந்த வாசல்களை நிறுத்தின தச்சனுக்கு வானத்துக் கணக்கு தெரிஞ்சிருக்கு. நான் அங்க போனா சாமியையும் கும்பிடுதேன், அந்த ஆளையும் நினைச்சுக்கிடுதேன். அவ்வளவுதான் சொன்னேன்.

ஆனா அவ விடல. "சூரியன் நகருதுன்னு நாம எப்படிப் பாக்கது?"

சித்திரை முதல் நாள் காட்டுல ஒரு வேலை செஞ்சோம். கடப்பாரையை நட்டக்குத்தலா ஊன்றி, கொத்தனார்கிட்ட வாங்கிட்டு வந்த தூக்குக்குண்டு வச்சு நாலு பக்கமும் சரி பாத்தோம். பகல் 12 மணிக்கு நிழல் மேற்கே கொஞ்சம் நீட்டிக்கிட்டு இருந்துச்சு. சுருங்கிச் சுருங்கி, 12.20-க்கு நிழலே இல்ல. கடப்பாரை தரையில நிக்கி, நிழல் காணோம்! அவ தன் நிழலைத் தேடிட்டு, காலுக்கடியில மட்டும் கிடக்குன்னு துள்ளினா. சங்கரன்கோவில் பூமத்திய ரேகைக்கு வடக்க சுமார் 9 டிகிரியில இருக்கு. சூரியன் வடக்க ஏறும்போது ஏப்ரல் நடுவுல ஒரு தடவை, திரும்பித் தெக்க இறங்கும்போது ஆகஸ்ட் கடைசியில ஒரு தடவை, நம்ம உச்சந்தலைக்கு நேரா வரும். சென்னையில அந்த நாளு வேற, கொடைக்கானல்ல வேற.

"உச்சின்னா 12 மணிதானே, ஏன் 12.20?" இதுக்கு மட்டும் நான் ரெண்டு நாள் எடுத்துக்கிட்டேன். இந்தியா முழுக்க ஒரே கடிகாரம். அது அலகாபாத் பக்கம் போற எண்பத்திரண்டரை டிகிரிக் கோட்டுக்கு வச்சது. நாம அதுக்கு மேற்க அஞ்சு டிகிரி தள்ளி இருக்கோம். ஒரு டிகிரிக்கு 4 நிமிஷம். நம்ம உச்சிப்பொழுது 20 நிமிஷம் தாமதமாத்தான் வரும்.

அதே பிள்ளை, ஆதித்யா எல்-1 பத்திக் கேட்டப்போ எனக்குச் சந்தோசமா இருந்துச்சு. சூரியனை ஆராய 2023 செப்டம்பர் 2-ல விட்டது. சூரியன்கிட்ட போனா எரிஞ்சு போகாதான்னு எல்லாரும் கேக்காங்க. சூரியன் 15 கோடி கிலோமீட்டர். ஆதித்யா நிக்கிறது 15 லட்சம் கிலோமீட்டர்ல. நூறுல ஒரு பங்கு தூரம்தான் போயிருக்கு. அங்க சூரியன் இழுக்கறதும் பூமி இழுக்கறதும் சேர்ந்து ஒரு கணக்குக்கு வந்து, அது பூமி கூடவே சேர்ந்து சூரியனைச் சுத்த முடியுது. நடுவுல எதுவும் மறைக்காம ராப்பகலா சூரியனைப் பாத்துக்கிட்டே இருக்கலாம். 2024 ஜனவரி 6-ல அங்க போய்ச் சேந்துச்சு. அந்தத் திட்டத்துக்கு இயக்குநரா இருந்தவங்க நிகார் ஷாஜி, நம்ம தென்காசி மாவட்டத்துச் செங்கோட்டைக்காரங்க. அப்பா விவசாயி. உள்ளூர்ப் பள்ளிக்கூடத்துல படிச்சு, திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரியில படிச்சு, 1987-ல இஸ்ரோவுக்குப் போனவங்க. இதைச் சொன்னதும் தம்பி மக ஒண்ணும் பேசல. நோட்டுல பேரை எழுதிக்கிட்டா.

இவ்வளவும் சொல்றது சுகமாத்தான் இருக்கு. ஆனா நான் ஏன் கேட்டவங்களுக்கெல்லாம் பதில் சொல்லிக்கிட்டு அலையுதேன்னு இதுவரைக்கும் எழுதினதில்ல. எழுதறதுக்கு வெக்கம். இந்த ஆவணியில நடந்த ஒண்ணு, எழுதத்தான் வேணும்னு ஆக்கிருச்சு.

என் பெண்டாட்டியோட அண்ணன், பெரிய மச்சான், காட்டுல போர்த்தண்ணி உப்பு. எலுமிச்சை இலை ஓரம் கருகிருது. ஒரு ஆளு பைக்ல வந்து, தண்ணிக் குழாயில மாட்டுற மாதிரி ஒரு பொட்டி காட்டியிருக்காரு. விலை 14,500. "இது குவாண்டம் டெக்னாலஜி அண்ணாச்சி. குவாண்டம் அலை தண்ணியில உள்ள உப்பை உடைச்சிரும்." மச்சான் வாங்கி மாட்டிட்டுத்தான் என்கிட்ட வந்தாரு. "மாப்ள, குவாண்டம்னா என்ன?"

நான் திருப்பிக் கேட்டேன். "நீங்க அந்த ஆளுகிட்டயே கேக்க வேண்டியதுதான மச்சான்?"

"கேட்டேனே. அது பெரிய சயின்ஸ் அண்ணாச்சி, உங்களுக்குப் புரியாதுன்னுட்டான்."

எனக்கு வயித்துல சொரேர்னுச்சு. ஏன்னா பதினாலு வருஷத்துக்கு முன்னால இதே வார்த்தையை நான் கேட்டிருக்கேன்.

2011. இரிடியம் கலசம். உங்கள்ல சில பேருக்கு இப்பவே விளங்கியிருக்கும். பழைய கோயில் கலசத்துல இடி விழுந்து அது இரிடியமா மாறிருச்சு, அரிசியை இழுக்கும், நாசாவுல கோடிக்கணக்குல வாங்குவாங்க, விஞ்ஞானி வந்து சோதிக்கறதுக்குச் செலவுக்குப் பணம் வேணும், போட்டவங்களுக்குப் பத்து மடங்கு. ஒரு லாட்ஜ் ரூம்ல காட்டினாங்க. செம்பு பக்கத்துல அரிசியைத் தூவினான், அரிசி நகந்து போய் ஒட்டுச்சு. என் ரெண்டு கண்ணால பாத்தேன். நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "இரிடியம்னா என்னதுங்க?" கோட்டு போட்ட ஆளு சிரிச்சான். "அது நியூக்ளியர் சயின்ஸ். உங்களுக்குப் புரியாது."

பிசிக்ஸ்ல 58 மார்க் எடுத்தவன் நான். புரியாதுன்னதும் வாய மூடிட்டேன். பெண்டாட்டி நாலு பவுன் சங்கிலியை அடகு வச்சு 40,000 ரூபா குடுத்தேன். பெறவு அந்த ஆளு இல்ல, போன் இல்ல, லாட்ஜ்ல கேட்டா பேரே பொய். போலீஸுக்குப் போகவும் வெக்கம். சங்கிலியை மீட்க ரெண்டு வருஷப் பருத்தி போச்சு. அவ திட்டல. கல்யாண வீட்டுக்கு மஞ்சக் கயித்தோட போனா. திட்டியிருந்தாக் கூட நல்லா இருந்திருக்கும்.

அதுக்கப்புறம்தான் தேடித் தேடிப் படிச்சேன். இரிடியம்னு ஒரு உலோகம் நெசமாவே இருக்கு. ஈயத்தைப் போல ரெண்டு மடங்கு கனம். உருக 2,400 டிகிரிக்கு மேல வேணும். விலை கூடின ஸ்பார்க் பிளக் முனையில வைக்காங்க. ஆனா அது அரிசியை இழுக்காது. உலகத்துல எந்த உலோகமும் அரிசியை இழுக்காது. இடி விழுந்தா செம்பு உருகும், இரிடியம் ஆகாது. ஒரு உலோகம் இன்னொண்ணா மாறணும்னா அணுவுக்குள்ள இருக்கிற கருவே மாறணும், இடியால அது முடியாது. அந்த அரிசி? இரும்புத் தூளை அரிசியில ஒட்ட வச்சு, செம்புக்குள்ள காந்தத்தை ஒளிச்சு வைக்கறதுதான் வித்தை. நான் அன்னைக்கு "என் வீட்டு அரிசியைப் போட்டுக் காட்டுங்க"ன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா சங்கிலி மிஞ்சியிருக்கும்.

நமக்குள்ள கேள்வி இருக்கறது தப்பில்ல. அதுக்கு நேர்மையா ஒருத்தன் பதில் சொல்லலேன்னா, அந்த இடத்துல திருடன் வந்து உக்காந்துக்கிடுதான். அதுக்காகத்தான் சொல்லிக்கிட்டுத் திரியுதேன். தெரியாட்டா தெரியாதுன்னு சொல்லிட்டு, ரெண்டு நாள்ல படிச்சுட்டு வந்து சொல்லுவேன். புரியாதுன்னு மட்டும் யாரையும் சொன்னதில்ல.

அதனால மச்சானை உக்கார வச்சு, குவாண்டம் பத்தி எனக்குத் தெரிஞ்சதைச் சொன்னேன். உங்களுக்கும் சொல்றேன்.

நம்ம போன், கம்ப்யூட்டர் எல்லாம் சுவிட்ச்தான். மோட்டார் ஸ்டார்ட்டர் மாதிரி, ஒண்ணு ஆன், இல்ல ஆஃப். ஒரு போனுக்குள்ள கோடிக்கணக்கான குட்டி சுவிட்ச் இருக்கு. அணு, எலக்ட்ரான் மாதிரி ரொம்பச் சின்ன விஷயங்கள் அப்படி நடந்துக்கிடாது. அது அலை மாதிரியும் நடந்துக்கிடும். கிணத்துல ஒரு கல்லைப் போட்டா வட்டமா அலை போகும். ரெண்டு கல்லைத் தள்ளித் தள்ளிப் போட்டா, ரெண்டு அலையும் சந்திக்கிற இடத்துல, மேடும் மேடும் சேந்தா பெரிய மேடு. மேடும் பள்ளமும் சேந்தா தண்ணி சமமா, அலையே இல்லாம நிக்கும். குவாண்டம் கம்ப்யூட்டர்ல ஆன், ஆஃப் ரெண்டும் கலந்த அலையா கணக்கை ஓட விடுவாங்க. கடைசியில பாக்கும்போது ஒரே ஒரு விடைதான் கிடைக்கும். அதனால, தப்பான விடையோட அலைகள் ஒண்ணை ஒண்ணு அழிச்சுக்கிடணும், சரியான விடையோட அலைகள் சேந்து பெருசாகணும். அப்படிக் கல்லைப் பாத்துப் பாத்துப் போடறதுதான் அதுல உள்ள வேலை.

இது எல்லாக் கணக்குக்கும் ஆகாது. பி.எம். கிசான் பணம் வந்துருச்சான்னு பாக்க உங்க போனே போதும். அணுக்கள் எப்படிச் சேருதுங்கற மாதிரி சில கணக்குகளுக்குத்தான் அது. கொஞ்சம் அசைஞ்சாலும் சூடு பட்டாலும் அந்த அலை கலைஞ்சிரும். சில வகை குவாண்டம் கம்ப்யூட்டரை பூஜ்ஜியத்துக்குக் கீழ 273 டிகிரி குளிர்ச்சியை ஒட்டி வைக்கணும். இந்தியா இதுக்காக 2023 ஏப்ரல்ல தேசிய குவாண்டம் திட்டம்னு 6,003 கோடி ரூபா ஒதுக்கியிருக்கு. சென்னை ஐ.ஐ.டி.யும் அதுல ஒரு மையம். ஆறாயிரம் கோடியும் அவ்வளவு குளிர்ச்சியும் வேண்டிய சமாச்சாரம், பைக் டேங்க் கவர்ல வச்சு 14,500-க்கு வருமா மச்சான்?

மச்சான் கேட்டாரு, "நமக்கு இதால என்ன பிரயோசனம்?" நல்ல கேள்வி. யூரியாவை எடுத்துக்கோங்க. காத்துல உள்ள நைட்ரஜனைப் பிடிச்சு உரமாக்க, ஃபாக்டரியில நானூறு ஐநூறு டிகிரி சூடு, காத்தழுத்தத்தைப் போல நூத்துக்கணக்கான மடங்கு அழுத்தம் குடுக்காங்க. நம்ம உளுந்தஞ்செடியைப் பிடுங்கிப் பாருங்க, வேர்ல முடிச்சு முடிச்சா இருக்கும். அதுக்குள்ள இருக்கிற பாக்டீரியா அதே வேலையைச் சூடு இல்லாம, சத்தம் இல்லாம, மண்ணுக்குள்ளயே செய்யுது. அது எப்படிச் செய்யுதுங்கற அணுக்கணக்கு இன்னைக்கு இருக்கிற கம்ப்யூட்டருக்குப் பிடிபடல. குவாண்டம் கம்ப்யூட்டர் நல்லபடியா வந்தா அந்தக் கணக்கைப் போடலாம்னு விஞ்ஞானிகள் நினைக்காங்க. வரும்போது வரும். அதுவரைக்கும் உளுந்தை ஊடுபயிராப் போட யாரும் தடுக்கல.

எல்லாம் கேட்டுட்டு மச்சான் சொன்னாரு: "ஆனாலும் பொட்டி மாட்டின பெறவு தண்ணி கொஞ்சம் தேவலன்னு தோணுது மாப்ள."

தம்பி மக பக்கத்துல இருந்தா. "உப்பு போயிருச்சுன்னா எங்க போச்சு மாமா? குழாய்க்குள்ள தேங்கணுமே?" அவருக்குப் பதில் இல்ல. எனக்கும் இந்தக் கேள்வி தோணல பாத்துக்கோங்க.

அன்னைக்குச் சாயங்காலமே செஞ்சோம். பொட்டியக் கழட்டி ஒரு பாட்டில் தண்ணி, மாட்டி ஒரு பாட்டில். எது எதுன்னு அவ அடியில எழுதி வச்சுக்கிட்டா, எங்களுக்குச் சொல்லல. ஆர்.ஓ. மெஷின் ரிப்பேர் பாக்க வர்ற தம்பிகிட்ட பேனா மாதிரி ஒரு டி.டி.எஸ். மீட்டர் இருக்கும், தண்ணியில கரைஞ்ச உப்பைக் காட்டறது. ஒண்ணுல 1,840. இன்னொண்ணுல 1,850. பெறவு ரெண்டு எவர்சில்வர் தட்டுல ஆளுக்கு ஒரு டம்ளர் ஊத்தி மாடியில வெயில்ல வச்சோம். மறுநாள் ரெண்டு தட்டுலயும் ஒரே மாதிரி வெள்ளையா உப்புப் படிஞ்சு கிடந்துச்சு. எது பொட்டித் தண்ணின்னு மச்சானால சொல்ல முடியல.

அவரு எழுந்து போயிட்டாரு. பத்து நாள் என்கூடப் பேசல. பொட்டியையும் கழட்டல, இன்னும் குழாய்லதான் தொங்குது. பெண்டாட்டி என்னைத்தான் சத்தம் போட்டா, "ஊரு முன்னால அவரை முட்டாளாக்கணுமா?"ன்னு. அவ சொன்னது நியாயம். அந்தத் தட்டை நாங்க மூணு பேர் மட்டும் பாத்திருக்கலாம், ஆர்.ஓ. தம்பியையும் பக்கத்து வீட்டுக்காரங்களையும் வச்சுக்கிட்டுச் செஞ்சிருக்க வேண்டாம். ஏமாந்தவனுக்கு எங்க வலிக்கும்னு என்னை விட யாருக்குத் தெரியும்? எங்க வீட்டு டிரங்குப் பெட்டியில அந்த லாட்ஜ்ல அவங்க எழுதிக் குடுத்த ஒப்பந்தப் பத்திரம் இன்னும் கிடக்கு. கிழிச்சுப் போட எனக்கே மனசு வரல.

கார்த்திகை மழை நல்லாப் பெஞ்சுச்சு. மார்கழியில ஒரு நாள் காலையில நான் காவல் முடிஞ்சு வாரேன், மச்சான் எங்க கிணத்து மேட்டுல குனிஞ்சு நிக்காரு. கையில போனு, பக்கத்துல கல்லுக் குவியல். என்னைப் பாத்ததும் சொன்னாரு:

"மாப்ள, என் கிணத்துல ஒன்றரை செகண்டு வருது. முப்பத்தாறு அடிதான? கோடையில ரெண்டைத் தாண்டிச்சு. உம்ம கிணத்துல எவ்வளவுன்னு பாக்கலாம்னு வந்தேன்."

ஆறு கல்லு போட்டோம். ஆறுக்கும் அளவு கொஞ்சம் கொஞ்சம் மாறிச்சு, நடுவாந்தரமா எடுத்துக்கிட்டோம். எங்க கிணத்துலயும் அதேதான், முப்பத்தாறு. மழைத்தண்ணி ஏறினதால ரெண்டு கிணத்துலயும் உப்பும் கொஞ்சம் குறைஞ்சிருக்கு. பொட்டியைப் பத்தி அவரு பேசல, நானும் கேக்கல. டீ குடிச்சுட்டுப் போனாரு.

வர்ற சித்திரை முதல் நாளு நம்ம பக்கத்து நண்பர்கள் கடப்பாரையை ஊன்றிப் பாருங்க. தூக்குக்குண்டு வச்சு நேராக்க மறந்துராதீங்க. நிழல் எத்தனை மணிக்கு மறைஞ்சுச்சுன்னு எழுதுங்க. மக்காச்சோளம் ஒடிக்க ஆள் சொல்லியிருக்கு, அது முடிஞ்சதும் விலை நிலவரத்தோட வாரேன்.